மூன்றாவது உடும்பு

மார்ச் 4, திங்கள்

காலையில் மகள் மிரெல்வா இந்தப் போனை என் கையில் திணித்தாள். "எழுதத் தெரியாட்டி என்னப்பா, வாயால சொல்லுங்க, அதுவே எழுதிக்கும். தினமும் நடந்ததைச் சொல்லி வைங்க, மறக்காது" என்றாள். மறக்காதாம். யாரிடம் சொல்கிறாள் இவள்? கப்பல் பட்டறையின் சாமான் கிடங்கில் நாற்பது வருடம் நின்றவன் நான். ஒரு பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்ததில்லை. எந்தத் திருகாணி எந்தப் பெட்டியில் என்று ஒருநாளும் தடுமாறியதும் இல்லை. எழுத்துத் தெரியாதவனுக்கு மண்டைதான் அலமாரி. ஆனாலும் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் திட்டுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேறு ஆள் இல்லை.

திட்ட வேண்டியவன் மருமகன் ஜியோவெல். எங்கள் தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட்டில் குளிர் அறையில் உட்கார்ந்து வேலை. போனிலேயே ஆடுகிற சூதாட்டக் கடை ஒன்று வரப்போகிறதாம். அது ஏழைபாழைகளின் பழைய போனிலும் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று சோதித்துச் சொல்கிற கம்பெனியில் இவன் இருக்கிறான். "சும்மாதானே இருக்கீங்க மாமா" என்று மூன்று ஓட்டைப் போன்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். காசு நிஜக் காசு இல்லை. நான் அமுக்க வேண்டும், ஆனதைச் சாயங்காலம் அவனிடம் சொல்ல வேண்டும். மாமனாரை உட்கார வைத்துச் சூதாடச் சொல்கிற மருமகன். எங்கள் அப்பா இருந்தால் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்திருப்பார்.

மார்ச் 5, செவ்வாய்

கண்ணாடி கீறிய போன் கொதிக்கிறது. அதன் மேல் சட்டி வைத்துச் சோளக்களி கிண்டலாம்.

மார்ச் 8, வெள்ளி

பச்சைப் பொத்தான் காசு போட. சாம்பல் பொத்தான் காசை வெளியே எடுக்க. நிறத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம். பச்சையைத் தொடவே வேண்டாம், விரலின் நிழல் பட்டாலே வாயைத் திறக்கிறது. சாம்பலை அமுக்கினால் ஒரு வளையம் சுற்றுகிறது. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டு வந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. என் கட்டைவிரல் இரும்பில் தேய்ந்த விரல், தோல் செத்துப் பல வருடம். பச்சைக்கு மட்டும் அது எப்படி உயிரோடு இருக்கிறது?

ஜியோவெலிடம் சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியும் மாமா. அதைப் பார்க்கச் சொல்லல."

"பின்ன எதைப் பார்க்கச் சொன்ன?"

"படம் நிக்காம ஓடுதான்னு."

களவாணிப் பயல்கள். இவன் தின்கிற சோறு இதிலிருந்துதான் வருகிறது. என் மகள் தின்பதும். சரி, நான் தின்பதும்தான். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

மார்ச் 10, ஞாயிறு

கடை வாசலில் டாமினோ, புள்ளிக் காய் ஆட்டம். ஆஸ்ட்ரிக் எனக்கு எதிர் ஜோடி. ஒரு காலத்தில் அவன் என் ஜோடி. முப்பது வருடத்துக்கு முன் கார்னிவல் திருவிழாப் பந்தயக் கடைசி ஆட்டத்தில், கையில் ஐந்து-மூன்றை வைத்துக்கொண்டே 'போட ஒண்ணுமில்லை' என்று விட்டுக்கொடுத்துத் தோற்கடித்தான். அவன் இல்லவே இல்லை என்பான். காய்களைக் கலைத்துவிட்டார்கள், சாட்சி கிடையாது. என் மண்டைதான் சாட்சி. அதிலிருந்து எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆட்டம் முடிந்ததும் அவன் கையில் மிஞ்சிய காயைத் திருப்புவதற்கு முன் நான் பேர் சொல்லிவிடுவேன். எல்லாரும் அதற்காகவே காத்திருப்பார்கள். இன்று, "ரெண்டு-ஒண்ணு" என்றேன். திருப்பினான். ரெண்டு-ஒண்ணு.

"உன் பொண்டாட்டி எப்படிடா உன்கிட்டக் காலம் தள்ளினா, கிழட்டு உளவாளி" என்றான். எனக்கு வயிறு நிறைந்தது.

மார்ச் 13, புதன்

இன்றைய சோதனை, ஆட்டத்தின் மூன்று படக் கட்டங்கள் சுற்றும்போது சிக்னல் செத்தால் என்ன ஆகும் என்பது. துறைமுகத்துக் கிடங்குச் சுவரின் பின்னால் சிக்னல் சாகும். கடன்காரனுக்குப் பயந்தவனெல்லாம் அங்கேதான் போய் நிற்பான். சுவர் முனையில் நின்று அமுக்கினேன். முதல் கட்டத்தில் உடும்பு வந்து நின்றது. இரண்டாவதிலும் உடும்பு. ஓர் எட்டு உள்ளே வைத்தேன். மூன்றாவதும் உடும்பு. மூன்று உடும்பு என்றால் பெரிய பரிசு, தேவாலய மணி மாதிரி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. திரை அப்படியே உறைந்துவிட்டது. வெளியே வந்ததும் உயிர் வந்தது. உடும்பு, உடும்பு, மாம்பழம்.

கண்ணெதிரே திருட்டு.

சாப்பிட உட்கார்ந்த ஜியோவெல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "நிச்சயமா மாமா?"

"நான் எப்படா நிச்சயமில்லாமச் சொன்னேன்?"

ஆட்டுக்கறிக் குழம்பு ஆற ஆற ஆபீசுக்கு எழுதி அனுப்பினான். இந்த வீட்டில் முதன்முறையாக என் பேச்சை இவன் உட்கார்ந்து கேட்டான்.

மார்ச் 17, ஞாயிறு

கடை வாசலில் மூன்று உடும்புக் கதையைச் சொன்னேன். பஸ்தேச்சிப் பலகாரம் பொரிக்கிறவன்கூட அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டான். அங்கே இருப்பவர்களில் போன் சூதில் இழக்காத ஆள் கிடையாது. ஒருத்தன் கேட்டான், கிழவனுக்குக் கண் மங்கியிருக்குமோ என்று.

ஆஸ்ட்ரிக் அவன் பக்கம் திரும்பினான். "இந்தக் கழுதை மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இவன் ஞாபகத்து மேல, எங்கம்மா கல்லறையில கை வச்சுப் பண்ணுவேன்."

பகைவன் வாயால் கேட்டது. பாவி, நன்றாகத்தான் சொன்னான்.

மார்ச் 19, செவ்வாய்

அந்தப் போன்கள் எல்லாம் தங்கள் திரையைத் தாங்களே படம் பிடித்துக்கொள்ளுமாம். எவன் சொன்னான் எனக்கு? சொல்லிவிட்டல்லவா செய்ய வேண்டும்?

ஜியோவெல் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மடியில் வைத்து ஓட்டிக் காட்டினான். உடும்பு நின்றது. உடும்பு நின்றது. மாம்பழம் நின்றது. அப்புறம்தான் திரை உறைந்தது. திரும்ப ஓட்டினான். மாம்பழம். இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். அதே மாம்பழம், காம்பும் இலையுமாக.

"சூதாட்டக் கடைக்காரங்க திறப்பையே தள்ளி வச்சுட்டாங்க மாமா. நாங்க அவங்களைத் திருடன்னு எழுதிட்டோம்னு கோர்ட்டு வரைக்கும் பேசுறாங்க. பதிவைப் பார்த்துட்டு எழுதணும், அதுதான் ஒழுங்கு. நான் பார்க்கல. நீங்க சொன்னா சொன்னதுதான்னு எழுதிட்டேன்." கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் வேலை இருக்குமா போகுமா என்று அடுத்த திங்கள் சொல்வார்களாம்.

மிரெல்வா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 20, புதன்

படத்தை மாத்தியிருக்கானுங்க. மாத்தத் தெரியாதா அவனுங்களுக்கு? உடும்பை எடுத்துட்டு மாம்பழத்தை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் பார்த்தேன். பார்த்தேன்னா பார்த்தேன்தான். அவனுங்க படம் சொல்றது வேதம், நான் சொல்றது உளறலா?

மார்ச் 22, வெள்ளி

கண்ணை மூடிக் கிடங்கைச் சொல்லிப் பார்த்தேன். முதல் வரிசையில் பித்தளைத் திருகு, செம்புக் குழாய், தோல் வார். இரண்டாவது சரி. மூன்றாவது சரி. நான்காவது வரிசையில் முதல் பெட்டி சங்கிலிக் கொக்கி, அடுத்தது கண்ணாடி நாடா, அதற்கடுத்தது —

காற்று அதிகம் இன்று. தலைவலி.

மார்ச் 24, ஞாயிறு

போகக்கூடாது என்று இருந்தேன். போனேன். படச் செய்தி ஊருக்குள் போயிருந்தது, எல்லாரும் காய்களையே கலக்கிக்கொண்டிருந்தார்கள். காட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என் ஜோடி முதலில் காயை முடித்தான். ஆஸ்ட்ரிக் கையில் ஒன்று மிச்சம், கவிழ்த்து வைத்திருந்தான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ஐந்து-மூன்று" என்றேன், அடித்த மாதிரி.

ஆஸ்ட்ரிக் காயைக் கொஞ்சம் தூக்கி, தான் மட்டும் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்படியே கவிழ்த்து மற்றக் காய்களோடு கலந்துவிட்டான்.

"சரிதான். ஐந்து-மூன்று."

கை தட்டினார்கள். அவன் திட்டவில்லை. உளவாளி என்று சொல்லவில்லை, கழுதை என்று சொல்லவில்லை. "தண்ணி குடிக்கிறியா மச்சான்?" என்று கேட்டான்.

பாதி வழி வந்த பிறகு கால் நின்றது. ஆட்டத்துக்கு ஒரே ஒரு ஐந்து-மூன்றுதான், அது மேசையிலேயே கிடந்ததே. தொடக்கத்தில், என் கையால், நான்தானே போட்டேன்? அவனிடம் எப்படி இருக்கும்? முப்பது வருடம் அந்தக் காய் என்னிடம் இல்லைடா என்று தொண்டை கிழியக் கத்தியவன், இன்று இல்லாத காயை இருக்கிறது என்று —

எவன் கேட்டான் அவனை? எவன் கேட்டான் அந்தத் தண்ணியை?

மார்ச் 25, திங்கள்

ஜியோவெல் காரில் ஏறும்போது நானும் ஏறிக்கொண்டேன். "வேண்டாம் மாமா" என்றான். "வண்டியை எடு" என்றேன்.

மேலாளர் பெண் எனக்கு நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. "உடும்பு, உடும்பு, மாம்பழம்" என்றேன். "படம் சரி. நான் சொன்னது தப்பு. இவன் என் பேச்சை நம்பினான், அது ஒண்ணுதான் இவன் குத்தம். கிழவன் பிசகினான்னு எழுதிக்குங்க." சொல்லும்போது நாக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

பிறகு கீறல் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே சாம்பல் பொத்தானை அமுக்கினேன். "இது என் ஞாபகமில்ல. இதோ, உங்க கண்ணு முன்னாடி சுத்துது. இதையும் எழுதுங்க."

"அது எங்க வேலையில்லைங்க ஐயா" என்று சிரித்தாள். குழந்தைக்குச் சிரிக்கிற சிரிப்பு. போனைச் சுற்றச் சுற்ற அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜியோவெல் வேலை தப்பியது, வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கினான். தட்டிவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு, ஈஸ்டர்

ஆட்டம் முடிந்தது. ஆஸ்ட்ரிக் கையில் ஒரு காய். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். நான் எதைச் சொன்னாலும் ஆமாம் என்று சொல்லி மூடிவிடத் தயாராகக் காயைக் குவியல் பக்கம் நகர்த்தி வைத்திருந்தான்.

"எனக்குத் தெரியலடா" என்றேன். "திருப்பிக் காட்டு."

திருப்பினான். நாலு-ரெண்டு. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் திட்ட ஆரம்பித்தான் பாருங்கள். முப்பது வருடம் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினான். கடைக்காரன் கதவைச் சாத்துகிற வரைக்கும் கொட்டினான். முகமெல்லாம் சிவந்து, பத்து வயது குறைந்தவன் போல இருந்தான். எனக்குப் பதில் சொல்ல இடமே தரவில்லை.

அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன். இதைப் போனே திரும்ப வாசிக்குமாம், மிரெல்வா காட்டித் தந்தாள். அடுத்த ஞாயிறு கேட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். ஒன்றையும் விடமாட்டேன், ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்காமல் அவன் தப்ப முடியாது. அவன் சொன்னது: உடும்பு எண்ணத் தெரியாதவன். கப்பல் போன பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கழுதை. உப்புக் காற்றில் துருப்பிடித்த மண்டை. பொய்ச் சாட்சி. இரண்டு முறை சொன்னான் அதை, பொய்ச் சாட்சி. செத்தாலும் என் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க மாட்டானாம், காலால் உதைத்துத்தான் தள்ளுவானாம். இன்னும் ஒன்று சொன்னான், ஆட்டுக்கிடா என்று தொடங்கும் —

நாளைக்கே போய் அவனிடமே கேட்டுக்கொண்டு வர வேண்டும்.