பூனை மணலும் ஒரு தீயணைப்பானும்: சீல் வைத்த என் அறையைத் திறந்துதரக் கோரும் மனு

அனுப்புநர்:
ரா. ஞானசுந்தரி, எம்.எஸ்சி., (வயது 48)
க/பெ. ராஜபாண்டியன்,
கதவு எண் 3/114, நடுத்தெரு,
மேலச்சொக்கலாபுரம் (நாரணாபுரம் வழி),
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: வெடிபொருள் இல்லாத அறைக்கு 12.09.2025 அன்று சீல் வைக்கப்பட்டது – உள்ளே என் மடிக்கணினி உள்ளது – புதன்கிழமை காலைக்குள் ஒப்படைக்க வேண்டிய வேலை அதில் உள்ளது – அறையைத் திறந்துதரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: வருவாய் ஆய்வாளரின் சோதனை மகஜர், நாள் 12.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர், நீங்க என்ன தொழில் செய்றீக?" சென்ற வெள்ளிக்கிழமை வருவாய் ஆய்வாளர் திரு. பாலகுரு என் வீட்டு வாசலில் நின்று கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மட்டுமல்ல, ஒன்பது ஆண்டுகளாகவே இல்லை. ரேஷன் அட்டையிலும், மகளின் கல்லூரி விண்ணப்பத்திலும், வங்கியிலும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக எழுதியிருக்கிறேன். நான் பதில் சொல்லத் தயங்கியதே சந்தேகத்துக்கு முதல் காரணம் என்று மகஜரில் பதிவாகியுள்ளது. ஆகவே தயக்கத்தை ஒப்புக்கொண்டு மீதியை விளக்குகிறேன்.

2. நான் வேதியியல் படித்தவள். தனியார் பள்ளி ஒன்றில் பதிமூன்று ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, 2016-இல் விலகினேன். ஊரில் இன்னும் டீச்சர் என்றுதான் அழைக்கிறார்கள்; விட்ட வேலைதான் எல்லோருக்கும் புரிகிறது. விலகிய பின் 'வாங்கும் முன்' என்ற பெயரில் இணையத்தில் வலைப்பூ எழுதிவருகிறேன். மிக்சி, குக்கர், குடை, கொசு மட்டை போன்றவற்றை வரவழைத்து, சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதுவேன். பெரும்பாலும் வேண்டாம் என்றே எழுதுவேன். இத்துடன், வெளிமாநிலக் கம்பெனிகள் தங்கள் பொருள்களுடன் வைத்துத் தரும் செயல்முறைக் கையேடுகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலையையும் இணையம் வழியாகவே வாங்கிச் செய்கிறேன். வேலை கொடுப்பவர்கள் எவரையும் நான் நேரில் கண்டதில்லை. எங்கள் வீட்டுச் செலவில் பாதியும் மகள் ரோஷினியின் விடுதிக் கட்டணமும் இதில்தான் நடக்கின்றன.

3. எங்கள் பகுதியைத் தாங்கள் அறிவீர்கள். தீபாவளி சீசனில், பட்டாசுக்கான கருந்திரியை உரிமம் இல்லாமல் வீட்டுக்குள் செய்பவர்களைத் தேடி ஆய்வுக் குழுக்கள் வருகின்றன. வரத்தான் வேண்டும். ஒரு வீட்டில் தவறு நடந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் முதலில் விழுகிறது. எனவே ஆய்வு நடந்ததில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆய்வில் கண்டறியப்பட்டவை யாவும் உண்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் இவை யாவும் தீப்பொறியையும் தீயையும் தடுக்கும் முன்னேற்பாடுகள்; என் வீட்டில் காரணங்கள்தான் வேறு. அவை வருமாறு:

(அ) செருப்பு அறைக்கு வெளியேயும், கைபேசி அதன் அருகே ஒரு கூடையிலும் இருந்தன. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் இரண்டையும் வெளியே விட்டுச் செல்வது விதி. என் அறையில் மருந்து இல்லை. கைபேசி உள்ளே இருந்தால் என்னால் எழுத முடியாது. என் நாத்தனார் சொர்ணலட்சுமி ஒரு நாளைக்கு ஆறு முறை அழைப்பார்.

(ஆ) கதவு நிலையில் செம்புத் தகடு பதிக்கப்பட்டு எர்த் கம்பி இணைக்கப்பட்டிருந்தது. என் மடிக்கணினி பழையது. தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும். அதைச் சரிசெய்ய அழைத்த எலெக்ட்ரீஷியன் சோலைச்சாமி, பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர். அங்கே செய்வதையே இங்கும் செய்துவிட்டு, "இதத் தொட்டுட்டு உள்ள போங்க டீச்சர், ஒண்ணுஞ் செய்யாது" என்று கூறிச் சென்றார். ஷாக் நிற்கவில்லை. தகட்டைத் தொடும் பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது.

(இ) தரையில் ரப்பர் விரிப்பு. நாற்காலி வழுக்குகிறது.

(ஈ) நான் எப்போதும் பருத்திச் சேலையே உடுத்துவது. இந்த ஊர் வெயிலில் இதற்கு விளக்கம் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

(உ) கதவருகே மணல் வாளி. அது பூனைக்கு. எதற்கு என்பதை மனுவில் எழுதத் தயங்குகிறேன்.

4. தகவல் கொடுத்தவர் யார் என்பதை அலுவலகம் ரகசியமாக வைத்திருக்கிறது. அவரே சனிக்கிழமை காலையில் ஒரு பொட்டலம் காராச்சேவுடன் வந்து சொல்லிவிட்டதால், அந்த ரகசியத்தை நான் உடைத்ததாகாது. அவர் பக்கத்து வீட்டு பாலம்மாள். இருபத்தாறு ஆண்டுகள் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்தவர். அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: "கோவிச்சுக்கிடாதீக டீச்சரம்மா. காலையில செருப்பக் கழத்திப் போடுறீக, போனக் கூடையில வைக்கீக, தகட்டத் தொடுறீக, கதவச் சாத்துறீக. மத்தியானம் வரைக்கும் உள்ள ஒரு சத்தம் கெடையாது. அம்புட்டு அமைதியா மருந்துக்கிட்ட மட்டுந்தான் ஒக்காருவாக. ஒங்க செவரும் எஞ்செவரும் ஒண்ணாச்சே, எனக்குப் பயமா இருக்காதா?" இருக்கும். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. என் வேலையை ஒன்பது ஆண்டுகளில் இவ்வளவு கவனமாகப் பார்த்தவர் வேறு எவரும் இல்லை.

5. இனி, புகாரின் மையமான செய்திக்கு வருகிறேன். அறையில் ஒரு சிவப்புத் தீயணைப்பான் இருந்தது. அதைத் தயாரிக்கும் கம்பெனி, அதன் கையேட்டைத் தமிழில் எழுதுவதற்காக எனக்கு மாதிரியாக அனுப்பியது. இதை ஆய்வாளரிடம் கூறினேன். அவர், "சும்மா எழுதுறவுகளுக்குத் தீயணைப்பான் எதுக்கு டீச்சர்? எங்க ஆபீஸ்லயே இது கெடையாதே" என்றார். உடன் வந்த கிராம உதவியாளர் கோட்டைச்சாமி, "சார், டம்மியா இருக்கும் சார். உள்ள வேற சரக்கு இருக்கும்" என்றார். ஐயத்தைத் தீர்க்கும் பொருட்டு ஆய்வாளர் அதன் ஊசியை உருவி, கைப்பிடியை அமுக்கினார். அது டம்மி அல்ல.

6. வெள்ளைப் பொடி சுமார் பதினைந்து விநாடிகள் வந்தது. அறையும், அறையில் இருந்த மூவரும், சுவரில் மாட்டியிருந்த என் பட்டச் சான்றிதழும் ஒரே நிறம் ஆயினர். புகை மாதிரி எழுந்ததைக் கண்டு, தெருவில் நின்றவர்கள் ஊர் எல்லை வரை ஓடியதாகப் பின்னர் அறிந்தேன். பாலம்மாள் ஓடும்போதும் என் கைபேசிக் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

7. பொடி அடங்கியதும், "இது என்ன பொடி?" என்று ஆய்வாளர் கேட்டார். தீயை அணைக்கும் பொடி என்றேன். அதன் வேதிப்பெயரையும் கூறினேன். கூறியிருக்கக் கூடாது. அவர் சான்றிதழைத் துடைத்துப் பார்த்து, "கெமிஸ்ட்ரி வேற படிச்சிருக்கீக" என்றார். அதன்பின் நான் கூறிய எதுவும் எடுபடவில்லை. சிவகாசியில் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருக்கும் என் கணவரைத் தொலைபேசியில் அழைத்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். காலண்டர் ஆர்டர் மும்முரத்தில் இருந்த என் கணவர், "காலையில உள்ள போனா மத்தியானம் வருவா சார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று பதில் அளித்தார். எங்களுக்குத் திருமணமாகி இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

8. மகஜரில் உள்ள சில வரிகளைத் தங்கள் பார்வைக்குத் தருகிறேன். "வெடிபொருள்: காணப்படவில்லை. சந்தேகத்துக்குரிய வெள்ளைப் பொடி: அறை முழுவதும்." அந்தப் பொடி எவ்வாறு வந்தது என்பது மகஜரில் இல்லை. மேலும், "சரக்கு பெட்டி பெட்டியாக உள்ளே செல்கிறது, வெளியே எதுவும் வருவதில்லை, ஆயினும் வருமானம் உள்ளது" என்றும் எழுதப்பட்டுள்ளது. இதை மறுக்க இயலவில்லை. என் தொழிலை எவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. "முன்னேற்பாடுகள் உரிமம் பெற்ற கம்பெனிகளைவிடச் சிறப்பாக உள்ளன" என்ற வரிக்கு நன்றி சொல்வதா, ஆட்சேபிப்பதா என்று தெரியாமல் விட்டுவிடுகிறேன்.

9. வாளியிலிருந்து இருநூறு கிராம் மணல் பரிசோதனைக்கு எடுத்துச் செல்லப்பட்டுள்ளது. முடிவை எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

10. உண்மையை மறைக்கக் கூடாது என்பதால் இதையும் தெரிவிக்கிறேன். சீல் வைத்த பிறகும் பூனை காற்றுச் சந்து வழியாக அறைக்குள் போய் வருகிறது. மணல் வாளி உள்ளேதான் இருப்பதால் அதற்கும் வேறு வழியில்லை. ஒவ்வொரு முறையும் வெள்ளையாக வெளியே வருகிறது. சீலை உடைக்கும் நோக்கம் அதற்கு இல்லை என்று உறுதி கூறுகிறேன்.

11. அவசரம் இதுதான். தீயணைப்பான் கையேட்டின் அறுபத்து நான்கு பக்கங்களில் பத்தொன்பது பக்கங்கள் பாக்கி. புதன்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் மூன்று ஆண்டுகளாக வேலை தரும் இந்தக் கம்பெனி வேறு ஆளைப் பார்க்கும். என்னைப் போன்றவர்கள் இணையத்தில் ஏராளம். "எங்க ஊர்ல ரூமுக்கு சீல் வச்சிட்டாங்க" என்று நான் எழுதினால் அங்கே எவரும் நம்பப்போவதில்லை. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். எழுதியவற்றை இணையத்தில் சேமித்து வைத்திருக்கலாமே என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டார். இணையத்தில் பிழைப்பவள் என்பதாலேயே எனக்கு அதன் மீது நம்பிக்கை இல்லை. அனைத்தும் மடிக்கணினியில் உள்ளன. கைபேசியில் முயன்றேன், இரண்டு நாளில் முகப்புப் பக்கம் மட்டும் முடிந்தது. மேலும், அந்தப் பொடி ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும் தன்மை உடையது. மூன்று நாள்களாக அது மடிக்கணினியின் மேல் கிடக்கிறது. இதையும் வேதியியல் படித்ததால்தான் சொல்ல முடிகிறது. தூக்கம் கெடுவதும் அதனால்தான்.

12. ஆகவே தாங்கள் கருணையுடன் பரிசீலித்து,

(அ) நாளை செவ்வாய்க்கிழமைக்குள் அறையைத் திறந்துதர உத்தரவிடும்படியும்,

(ஆ) வெள்ளைப் பொடி எவ்வாறு வந்தது என்ற ஒரு வரியை மகஜரில் சேர்க்கும்படியும் (சேர்ப்பது அலுவலருக்குச் சங்கடம் என்றால் "தீயணைப்பான் நன்றாக வேலை செய்கிறது" என்று மட்டும் சேர்த்தால் எனக்குப் போதும்),

(இ) திறப்பு உத்தரவில் 'தொழில்' என்ற கட்டம் இருந்தால் அதில் 'ஏதுமில்லை' என்பதைத் தவிர வேறு எதை எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்பதால், ஏதேனும் ஒரு சொல்லைத் தாங்களே முடிவு செய்து எழுதும்படியும்

கேட்டுக்கொள்கிறேன். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே மருந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை. சில சமயம் வேலையும் இருக்கலாம்.

இதைப் பொறுமையுடன் படித்தமைக்கு நன்றி.

இடம்: மேலச்சொக்கலாபுரம்
நாள்: 15.09.2025, திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ரா. ஞானசுந்தரி

இணைப்பு: மகஜர் நகல் (வெள்ளைப் பொடியுடன்).

மனுவின் என் நகலில் பின்னர் எழுதி வைத்தது:

16.09.2025, செவ்வாய்க்கிழமை. காலை 11.20-க்கு வருவாய் ஆய்வாளர் திரு. பாலகுரு மட்டும் வந்தார். செருப்பை வெளியே விட்டார். கைபேசியைக் கூடையில் வைத்தார். தகட்டையும் தொட்டார். சீலை உடைத்துவிட்டு, திறப்புப் படிவத்தை நீட்டினார். அதில் ஐந்தாவது கட்டம்: 'அறையில் நடைபெறும் தொழில்'. மறுபடியும் கேட்டார்; மறுபடியும் விளக்கினேன். இம்முறை நன்றாகக் கவனித்துக் கேட்டுவிட்டு, 'ஏதுமில்லை' என்று எழுதினார். "வேற என்ன எழுதுனாலும் அடுத்த கட்டத்துல லைசென்ஸ் நம்பர் கேக்கும் டீச்சர்" என்றார். வேலையைச் செய்வதற்காக, வேலை எதுவும் நடைபெறவில்லை என்று கையெழுத்திட்டேன்.

மடிக்கணினியைத் துடைத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நான்கு பொத்தான்கள் இறுகிவிட்டன. மற்றவை வேலை செய்தன. பத்தொன்பது பக்கங்களை முடித்து மாலை 6.50-க்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக உடனே பதில் வந்தது.

கதவைத் திறந்தபோது பாலம்மாள் என் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் ஏழு முறை அழைத்தாராம். ஏழு முறையும் பாலம்மாளே எடுத்து, "உள்ள வேல நடக்குது, இப்ப வரமாட்டாக" என்று வைத்துவிட்டாராம்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. ஆய்வாளர். "டீச்சர், எங்க வீட்டுக்கு ஒரு தீயணைப்பான் வாங்கலாம்னு இருக்கேன். அன்னைக்கு நான் அமுக்குனேன்ல, அதே வாங்கவா, வேறயா? நீங்க என்ன சொல்றீக?"

அதே வேண்டாம், வீட்டுக்கு அது பெரிது, இரண்டு கிலோ போதும் என்றேன். அது என் தொழில்.