கழுவாத கை

கோவில்பட்டி,
11.7.1999

அன்புள்ள சுதாவுக்கு,

நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் ஊர் எப்போதும்வென்றானுக்குப் போய் இன்றோடு ஒரு மாதம். கூட்டிப் போக வந்த உன் அண்ணன் கருத்தப்பாண்டி வாசலில் நின்று கேட்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "பொம்பளப் பிள்ளைன்னுதான மச்சான் தூக்க மாட்டேங்குதீங்க?" நான் வாய் திறக்கவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நீயும் போய்விட்டாய்.

அது காரணம் இல்லை சுதா. நான் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி மருந்து கலக்குகிறவன். பிரியா பிறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு. அந்த மருந்து என் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும், நான் தொட்டால் அவள் வாய்க்குள் போகும், பிள்ளை செத்துப்போகும். அப்படி ஆகாது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் விடமாட்டேன் என்கிறது. கை கழுவினால் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு திரும்ப வரும். நான் சுத்தக்காரன் என்று நீ உன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லுவாய். அது சுத்தம் இல்லை.

போன வாரம் என் விரல் முட்டியில் ரத்தம் கசிவதை ஃபோர்மேன் ஆறுமுகசாமி அண்ணாச்சி பார்த்துவிட்டார். திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரிடம் அவரே கூட்டிப் போனார். மாத்திரை தந்தார்கள். அங்கேயே மேரிராணி என்று ஒரு மேடம் இருக்கிறார்கள், பேசியும் பழக்கியும் சரி பண்ணுகிறவர்கள். சனிக்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். "இது பைத்தியம் இல்ல, பாவமும் இல்ல. நெறைய பேருக்கு இருக்கு, சரியாகும்" என்றார்கள். அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது.

உன்
செல்லத்துரை


எப்போதும்வென்றான்,
17.7.1999

பிரியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

தொட்டிலில் பிள்ளை கத்தக் கத்த நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். பெண் பிள்ளை பெற்றதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நான் எத்தனை நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சம்.

அங்கே என்ன பண்ணுகிறார்கள் என்று எனக்கு விளங்கும்படி எழுதுங்கள். இப்போதைக்கு வர வேண்டாம். அண்ணன் கோபமாக இருக்கிறான்.

பிரியா இரண்டு கையையும் ஊன்றித் தவழ்கிறாள்.

சுதாராணி


கோவில்பட்டி,
8.8.1999

அன்புள்ள சுதாவுக்கு,

பிள்ளை தவழ்கிறாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அந்த வரியைப் பத்துத் தடவை வாசித்தேன்.

அங்கே பண்ணுவதைச் சொல்கிறேன். எனக்குப் பயம் தருகிறதையெல்லாம் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் ஒரு தாளில் எழுத வைத்தார்கள். அடியில் இருப்பது மருந்து அறைக் கதவின் கொண்டியைத் தொடுவது. உச்சியில் இருப்பது பிரியாவைத் தூக்குவது. கீழேயிருந்து ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். செய்துவிட்டுக் கழுவக் கூடாது. வேலை முடிந்ததும் எல்லாரையும் போல ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவதோடு சரி.

முதல் நாள் கொண்டியைத் தொட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். நூற்றுக்குப் பயம் எத்தனை என்று குறிக்க வேண்டும். அடிப்படிக்கே தொண்ணூறு. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. "பயத்த வெரட்டாதீங்க. வந்து உக்காரட்டும், அதுவா எந்திரிச்சுப் போகும்" என்று மேடம் சொல்லியிருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் நாற்பதுக்கு வந்தது. கழுவாமலே இறங்கியது சுதா! எனக்கு அதுதான் அதிசயம். இப்போது அந்தக் கையாலேயே இட்லி சாப்பிடுகிறேன்.

உனக்கும் ஒரு வேலை உண்டு. "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை உன்னிடம் கேட்டிருப்பேன்! நீயும் சலிக்காமல் "ஆகாது" என்பாய். இனி கேட்டால் நீ பதில் சொல்லக் கூடாதாம். நீ சொல்லுகிற "ஆகாது" எனக்கு இன்னொரு சோப்புக் கட்டி மாதிரியாம்.

இத்துடன் ஒரு மஞ்சள் கவுன் அனுப்புகிறேன். கொண்டியைத் தொட்ட கையால் கழுத்து, கை, ஓரம் எல்லாம் தடவியிருக்கிறேன். தாளில் இது எட்டாவது படி. இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். துவைக்காமல் பிள்ளைக்குப் போட்டுவிடு.

செல்லத்துரை


எப்போதும்வென்றான்,
20.8.1999

அன்புள்ள அத்தானுக்கு,

கவுன் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

துவைக்காமல் போடத்தான் எடுத்தேன். பிள்ளையும் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து நீங்கள் எழுதியதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஓடிப்போய் வாளியில் முக்கிவிட்டேன். சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசினேன். காயவைத்துத்தான் போட்டேன்.

சொன்னபடி செய்தேன் என்று எழுதியிருக்கலாம். மனசு வரவில்லை. மூன்றாம் தண்ணீர் பிழியும்போது உங்களைத்தான் நினைத்தேன். எனக்கு ஒரு மத்தியானத்துக்கே நெஞ்சு இப்படி அடிக்கிறது. இதை வைத்துக்கொண்டு நீங்கள் வேலைக்கும் போனீர்கள், சாப்பிட்டீர்கள், என்னோடு சிரித்தும் பேசினீர்கள். பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே.

என் மேல் கோபப்பட்டால் படுங்கள்.

சுதா


கோவில்பட்டி,
29.8.1999

அன்புள்ள சுதா,

உன் கடிதத்தை வாசித்ததும் நேரே குழாயடிக்குப் போனேன். அப்போ என் கை விஷம்தான், என் பெண்டாட்டியே சொல்லிவிட்டாள் என்று தோன்றியது. குழாயையும் திறந்துவிட்டேன்.

அங்கே நிற்கும்போது கோபம் வந்தது. என் பிள்ளைக்கு நான் ஆசையாக வாங்கின கவுன், அதை எப்படி அலசலாம்? பயம் வரவேண்டிய இடத்தில் கோபம் வந்து முதல் தடவையாகப் பார்க்கிறேன். குழாயை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மேடத்திடம் சொன்னேன். சிரித்துவிட்டார்கள். "அவங்க பயந்ததுல தப்பில்ல. மறைக்காம எழுதியிருக்காங்க பாருங்க, அது பெரிசு. நேர்ல போங்க" என்றார்கள்.

வரட்டுமா? அந்தக் கவுன் போட்ட பிறகு பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பார், கேட்டுவிட்டேன். அந்த வரியை அடித்துவிடாமல் அப்படியே அனுப்புகிறேன்.

செல்லத்துரை


எப்போதும்வென்றான்,
5.9.1999

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. எழுதக் கை துடிக்கிறது. அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

மற்றபடி ஊர்ச் செய்திதான். புரட்டாசி விதைப்புக்கு அண்ணன் உழுது போட்டிருக்கிறான், மழையைத்தான் காணோம். பிரியா தவழ்ந்து போய்க் கரிசல் மண்ணை அள்ளித் தின்கிறாள். வாய்க்குள் விரலை விட்டு எடுப்பதே எனக்கு வேலை.

அண்ணனிடம் உங்கள் முதல் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, நான் வேற வாசல்ல நின்னு என்னல்லாமோ பேசிட்டு வந்தேன்" என்றான். பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் அவனே வந்து நிற்பான். வாருங்கள்.

சுதா


எப்போதும்வென்றான்,
20.9.1999

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வந்து போன பிறகு வீட்டில் எல்லாருக்கும் உங்கள் பேச்சுத்தான். நீங்கள் கையை நீட்டியதும் பிள்ளை உங்கள் மீசையைப் பார்த்து வீரிட்டு அழுதாளே, உங்கள் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி அண்ணன் சிரிக்கிறான். நானும் சிரித்தேன். ஆனால் அவள் அழுகையை நிறுத்தித் தானாக உங்களிடம் தாவியபோது அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். கண்ணைத் துடைக்கத்தான் போனான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு பாயில் அப்படியே தூங்கிப் போனீர்கள். அவள் தூங்கவில்லை. உங்கள் வலது கையைப் பிடித்து இழுத்து, ஆட்காட்டி விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே கிடந்தாள். அரை மணி நேரம் இருக்கும். அம்மா பதறி எடுக்கப் போனாள். நான்தான் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கும் நெஞ்சு அடித்தது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தானாக அடங்கியது.

அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் பஸ் ஏறியிருக்க மாட்டீர்கள். இன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதை வாசித்ததும் பயம் நூற்றுக்கு எத்தனை வருகிறதோ, அதைத் தாளில் குறித்துக்கொண்டு உட்காருங்கள். மேடத்திடம் காட்டுங்கள்.

வியாழக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் நானும் பிரியாவும் அங்கே வருகிறோம். அண்ணன் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். பையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டால் போதும்.

உங்கள்
சுதா