செவலையைக் கட்டிப்போட்ட பொங்கல்

மாப்ளே,

இன்றைக்கு மாட்டுப் பொங்கல். கீழே போடியில் வீட்டுக்கு வீடு வெல்லமும் நெய்யும் மணத்துக்கொண்டிருக்கும். இங்கே என் அடுப்பில் கருவாட்டுத் தலை கொதிக்கிறது. ஏலக்காட்டில் வேலை செய்கிற அத்தனை குடும்பமும் போகியன்று காலையிலேயே இறங்கிவிட்டன. அவர்கள் விட்டுப்போன ஒன்பது நாய்களுக்கும் சேர்த்து ஒரே பானையில் கஞ்சி. நல்ல நாளும் அதுவுமாகக் கருவாடு வேகவைக்கிற மனிதன் இந்த மலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் கஞ்சி ஆறுகிற வரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை.

உனக்குத் தலைப்பொங்கல் வந்த வருஷத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது நீ பொதிமாடு ஓட்டிக்கொண்டிருந்தாய். மேலேயிருந்து ஏலக்காய் மூட்டை இறங்கும், கீழேயிருந்து அரிசியும் உப்பும் ஏறும். நான் இதே காட்டில் காய் உலர்த்தும் கொட்டகையில் தீ பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு என் நாய் செவலை இருந்தது. பன்றி வந்தாலும் குரங்கு வந்தாலும் எனக்கு முன்னால் அதுதான் பாயும். அடைமழைக் காலத்தில் நாள் கணக்காக மனித முகம் பார்க்காமல் கிடந்தபோது நான் பேசியதெல்லாம் அந்த நாயிடம்தான். கேட்டுக்கொண்டே இருக்கும். குறுக்கே பேசாது, உன்னை மாதிரி இல்லை.

அதற்கு முந்தின பொங்கலுக்கு அது என் பின்னாலேயே போடி வரைக்கும் வந்துவிட்டது. தெரு நாய்கள் கூடிக் கடித்துக் குதறி, ஒரு காது கிழிந்துதான் மலை ஏறியது. அதனால் இந்த முறை வரவிடக் கூடாது என்று முடிவு செய்து, கொட்டகைத் தூணில் சங்கிலியால் கட்டினேன். பெரிய சட்டியில் மூன்று நாளைக்கான சோறு, இன்னொரு சட்டியில் தண்ணீர். எவ்வளவு பொறுப்பான ஆள் நான் என்று எனக்கே ஒரு பெருமை. அது ஊளையிட்டது முதல் வளைவு வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. நானும் பொங்கல் நினைப்பில் வேகமாக இறங்கிவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று ராசிங்காபுரத்துக்கு, உன் மாமனார் வீட்டுக்கு வந்தேன். புது மாப்பிள்ளையின் சேக்காளி என்று உன் பக்கத்திலேயே எனக்கும் இலை போட்டார்கள். வாசலில் மாடுகளுக்குக் கொம்பில் சாயம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டி முடித்திருந்தார்கள். உன் மாமனார் வந்தால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அவருடைய சொந்தபந்தம் முழுக்கப் பந்தியில் இருந்தது. நீ இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாய். என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாய்.

"மச்சான், செவலையக் காணோமே. யாருட்ட விட்டுட்டு வந்த?"

"யாருட்டயும் விடல. சோறு தண்ணி வச்சு, சங்கிலியில கட்டிட்டு வந்தேன்."

"காவக்காரன் இருக்கானா?"

"இந்த வருசம் அவனும் எறங்கிட்டான். மூணு நாளைக்கு வேணுங்கிறது சட்டியில இருக்கு மாப்ளே. நீ சாப்பிடு."

உன் கை இலையிலேயே நின்றுவிட்டது. "கட்டுன உயிரு சும்மா நிக்காது மச்சான். தூணச் சுத்தும். சுத்தச் சுத்தச் சங்கிலி குறையும். அப்புறம் சட்டி எட்டுமா? தெனமும் மாடு கட்டுறவன் சொல்றேன்." அப்படிச் சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாய்.

தலைப்பொங்கலுக்கு வந்த மருமகன் மாமனார் வீட்டு இலையில் பாதியில் எழுந்தால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன மாப்ளே, சாப்பாட்டுல என்ன குறை?" என்று உன் மாமனார் கேட்டார்.

"குறை ஒண்ணுமில்ல மாமா. மலையில நாயக் கட்டிப்போட்டுட்டு வந்தாச்சு. வெரசாப் போகணும்."

யாருடைய நாய், யார் கட்டியது என்று நீ சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்த நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நேரத்தில் உன்மேல் கோபம்தான் வந்தது. ஒரு நாய்க்காக இத்தனை பேர் முன்னால் இந்த ஆர்ப்பாட்டம் வேண்டுமா என்று நினைத்தேன்.

வண்டியும் நடையுமாக மலையடியிலுள்ள முந்தலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பாதையில் யானை நிற்கிறது என்று அடிவாரத்துக்காரர்கள் ஏறவிடவில்லை. விடிந்ததும் ஏறினோம். வழி நெடுக நீ என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. "ரெண்டு வார்த்த திட்டித்தான் தொலையேன்" என்றேன். "ஏறுறப்ப மூச்ச வீணாக்காத" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு நடந்தாய்.

நீ சொன்னது சொன்னபடி இருந்தது. சங்கிலி தூணைப் பல சுற்று சுற்றி, செவலையின் கழுத்து தூணோடு ஒட்டியிருந்தது. படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பாதி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கழுத்துப்பட்டை உரசிய இடத்தில் தோல் வழன்றிருந்தது. சோற்றுச் சட்டியைக் குரங்குகள் காலி பண்ணிக் கவிழ்த்திருந்தன. தண்ணீர்ச் சட்டி மட்டும் ஒரு முழம் தள்ளி, வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு முழம்தான், மாப்ளே. இருபது வருஷமாகியும் அந்த ஒரு முழம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நீ சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தூணை எதிர்ப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாய். நான் தண்ணீர்ச் சட்டியை எடுத்து அதன் வாயருகே கொண்டுபோனேன். "மொத்தமாக் குடுக்காத. உள்ளங்கையில கொஞ்சங் கொஞ்சமா ஊத்து" என்றாய். குடித்து முடித்ததும் செவலை தள்ளாடி எழுந்தது. விடுவித்த உன்னிடம் போகவில்லை. என்னிடம் வந்து என் கையை நக்கியது.

"பாத்தியா, கட்டுன கையத்தான் நக்குது" என்றாய். குத்திக்காட்டிச் சொன்ன மாதிரி இல்லை, ஆச்சரியப்பட்டுச் சொன்ன மாதிரிதான் இருந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். நீ அடுப்பு மூட்டிக் கஞ்சி வைக்கப் போய்விட்டாய்.

செவலை அதற்கப்புறமும் ஏழு வருஷம் இருந்தது. உனக்கு விழுந்த பெயர் அதைவிட அதிக நாள் இருந்தது. 'நாய் மாப்பிள்ளை'. ராசிங்காபுரத்தில் தொடங்கி போடிச் சந்தை வரைக்கும் வந்துவிட்டது. உன் மாமனார் மூன்று வருஷம் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சந்தையில் உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், சிரிக்கவும் செய்தேன். அது என் நாய் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எனக்கு அதற்கு வாய் வரவில்லை. கோழைப் பயல் நான்.

செய்ததெல்லாம் இவ்வளவுதான்: அடுத்த தையிலிருந்து நான் பொங்கலுக்கு இறங்குவதில்லை. காட்டில் யாரும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகவும் விடுவதில்லை. என்னிடம் விடுகிறவர்கள் திரும்பி வருகிற நாளைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நாளில் வராதவனை நான் பேசுகிற பேச்சுக்குப் பயந்தே எல்லாரும் வந்துவிடுகிறார்கள். பொங்கல் கழித்து முதல் பொதியோடு நீ ஏறி வரும்போது, "ஒம் பிள்ளைகளெல்லாம் சொகமா மச்சான்?" என்று நக்கல் பண்ணிக்கொண்டே எனக்கு ஒரு கரும்பை நீட்டுவாய். அந்தப் பழைய கதையை ஒரு தடவைகூட நீ எடுத்ததில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் கூட்டம் கலைந்தபிறகு தங்கச்சியிடம் போய் நின்றேன். உன் பெண்டாட்டியை நேராகப் பார்த்துப் பேச எனக்கு அத்தனை வருஷமும் கூச்சம்.

"தங்கச்சி, அன்னைக்கு அது என் நாயி. கட்டிப்போட்டதும் நாந்தான்."

"தெரியும்ணே."

"யாரு சொன்னது?" என்றேன்.

"மலையிலருந்து வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. எங்கப்பாட்டச் சொல்லிரவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு. 'என் நாயின்னே இருக்கட்டும். அவந்தான் கட்டிப்போட்டான்னு தெரிஞ்சா ஆளாளுக்கு ஏசுவாக. வெக்கத்துல இனி நாயே வேணாம்னு விட்டுருவான். நாயில்லாட்டி மலையில அவனுக்கு யாரு இருக்கா'ன்னாரு."

தங்கச்சியைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேல்காட்டுக் காவல்காரர் கம்போடு வந்து நின்றார். இங்கிருக்கிற நாயில் ஏதோ ஒன்று காலையில் அவருடைய முட்டைக்கோழியைப் பிடித்துவிட்டதாம். நல்ல நாளில் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசினார். எவன் நாய் என்று மட்டும் சொல், அவன் ஏறி வரட்டும், அவனையும் நாயையும் உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்றார். எது என்று எனக்குத் தெரியும். அதன் வாயில் இறகுகூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் நாயிதாண்ணே" என்றேன்.