மஞ்சள் துணி கட்டிய வேம்பும் மாமா வாங்கிவந்த புல்லும்

லோரி ரிவர்ஸில் வரும் சத்தம் கேட்டால் இன்னும் வாசலை எட்டிப் பார்க்கிற உங்கள் பெரிய பாப்பா எழுதுகிறேன், அப்பா.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்கு யார் யாரை அழைப்பது என்று அம்மா இப்போதே யோசிக்கிறார். துளசிக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. உங்கள் படத்தைக் காட்டி, "அப்பா போர்ட்ல லோரி ஓட்டிக்கிட்டு இருக்காங்க" என்கிறாள். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டுமா?

வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். யாரும் என்னை நிறுத்தவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவுக்குப் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை கிடைத்தது. பாதி வாரம் இரவு ஷிஃப்ட். "கொஞ்ச நாளைக்குத் தங்கச்சியப் பாத்துக்கிறியாம்மா?" என்று மாமா கேட்டார். தலையாட்டினேன். கொஞ்ச நாள் ஒரு மாதம் ஆனது. பிறகு சீருடை சின்னதாகிவிட்டது.

எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். ரொட்டிக்காரர் வாசலில் ஹார்ன் அடித்தால்கூடத் துளசியைத்தான் அனுப்புகிறேன். காலையில் கேட்டைப் பூட்டினால் அம்மா வரும்வரை திறப்பதில்லை. சில நாள் நான் வீட்டைப் பூட்டியிருக்கிறேனா, வீடு என்னைப் பூட்டியிருக்கிறதா என்று தெரியாது.

நம் வேப்பமரத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

லோரி நிறுத்துகிற இடத்தில், சிமெண்டுத் தரையின் வெடிப்பில் முளைத்திருந்ததை மைலோ டின்னில் வைத்துக் கொண்டுவந்தீர்களே. "தண்ணி ஊத்த நாதியில்லாத எடத்துல மொளைச்சிருக்கு, இது நம்ம ஆளு" என்றீர்கள். கேட்டுக்கும் போர்ச்சுக்கும் நடுவில் இருக்கிற அந்த நான்கடி மண்ணில் மணலும் ஜல்லியும் கொட்டி மேடாக்கி நட்டீர்கள். கிள்ளான் மழைக்கு இதன் கால் நனைந்துகொண்டே இருக்கக் கூடாது என்றீர்கள். இப்போது அது போர்ச் கூரையைத் தாண்டிவிட்டது.

நீங்கள் இருந்தபோதும் இது மாமா வீடுதான். ஆனால் அப்போது அது நினைவுக்கு வராது.

மாமா இன்னும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருவார். அவர் வேலை செய்யும் சுபாங் ஜெயா கட்டடத்தின் முன்னால் ஒரு அலங்காரப் புல் வைத்திருக்கிறார்களாம். இடுப்பளவு உயரம், செந்நிறத் தாள், நுனியில் நரிவால் போல மென்மையான பூ. காற்று அடித்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும். அதில் பன்னிரண்டு பை வாங்கிவந்து சுவரோரம் அடுக்கினார். மரத்தை எடுத்துவிட்டு அங்கே இதை வைக்க வேண்டும் என்றார்.

மாமா கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேப்பிலை தினமும் கொட்டி லோங்காங்கை அடைக்கிறது. நாள் போகப் போக வேர் அந்தச் சாக்கடைச் சுவரையே பிளக்கும். புல்லின் வேர் எதையும் உடைக்காது. மிஞ்சி வளர்ந்தால் அடியோடு கத்தரித்துவிடலாம், மறுபடி வரும். பூ நிஜமாகவே அழகாக இருந்தது, அப்பா. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். துளசி அதைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன ரேணு, அடுத்த ஞாயிறு ஆள வரச் சொல்லட்டா?"

தலையாட்டினேன்.

அந்த வாரம்தான் குழாயில் தண்ணீர் நின்றது. நான்கு நாள். தண்ணீர் லோரி வரும்போது இரண்டு வாளியோடு வரிசையில் நின்றேன். கிடைத்தது சோற்றுக்கும் துளசியைக் குளிப்பாட்டவும் சரியாக இருந்தது. வெயிலும் அப்படி ஒரு வெயில். இரண்டாம் நாள் புல்லின் நுனி பழுத்தது. நான்காம் நாள் பன்னிரண்டு பையும் வைக்கோல். மண்ணில் இறக்கியிருந்தால் தாங்கியிருக்கலாம், பைக்குள் அடைத்து வைத்தால் எதுதான் தாங்கும்? ஆனால் வேம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. கொஞ்சம் பழுத்த இலையை உதிர்த்துவிட்டு, செம்பு நிறத்தில் புதுக் கொழுந்து விட்டது. தண்ணீர் இல்லாத வாரத்தில்!

மாமாவுக்கு இதை எழுதி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். நான்கு வரி தட்டினேன். அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அலமாரியைத் திறந்து, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தபோது நீங்கள் கட்டிய மஞ்சள் வேட்டியை எடுத்தேன். ஓரத்தில் ஒரு கீற்று கிழித்தேன். மரத்தைச் சுற்றிக் கட்டி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்தேன். உள்ளே போய்த் துளசி பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

மாமாவோடு வந்த மரம் வெட்டுகிற அண்ணன் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"பாஸ், இது என்ன பாஸ்?"

"எது?"

"மஞ்சத் துணி. ஆத்தா இருக்கிற மரத்தையா வெட்டச் சொல்றீங்க? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு லா."

"போன வாரம் இல்லையே இது!"

"போன வாரம் வரல. இந்த வாரம் வந்துட்டா. நீங்க வேணும்னா வெட்டுங்க, மெஷின் தரேன்."

மாமா மெஷினைப் பார்த்தார். வாங்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீங்கள் போன பிறகு அன்றுதான் சிரித்தேன்.

சிரிப்பு ஒரு நாள்தான். பக்கத்து வீட்டுப் புஷ்பா ஆன்டி மதில் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சாயங்காலமே விளக்கோடு வந்தார். "யார் கட்டினது?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "யாரும் கட்டல!" என்று அவரே சொல்லிக்கொண்டார். மூன்றாவது வெள்ளிக்கிழமை ஏழு பெண்கள். ஆளுக்கொரு சொம்பு மஞ்சள் தண்ணீர், அதன்மேல் பால். ஆன்டியின் கணவர் கொத்து வேலை தெரிந்தவர். நீங்கள் கொட்டிய ஜல்லி அசிங்கமாக இருக்கிறதென்று அள்ளிப் போட்டுவிட்டு, மரத்தைச் சுற்றிச் செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். விளக்கு வைக்க மேடை.

வெள்ளிக்கிழமைதோறும் நான் தட்டோடு நிற்க வேண்டும். பூட்டியிருந்த கேட் இப்போது திறந்தே கிடந்தது, ஆனால் என்னால் முன்பைவிட அசைய முடியவில்லை. "இந்தப் புள்ள வாயே தொறக்காது பாரு, அதான் அம்மன் இந்த வீடு தேடி வந்திருக்கா" என்று ஒரு அக்கா என் நெற்றியில் திருநீறு பூசினார். என் பயம் அவர்களுக்குப் பக்தியாகத் தெரிந்தது. ஒரு அம்மா தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று என்னைக் கேட்டார். நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். தலையாட்டினேன். அவர் அழுதுகொண்டே போனார்.

ஆறாவது வாரம் மரம் மஞ்சளாகத் தொடங்கியது.

செம்புக் கொழுந்து கறுத்துச் சுருண்டது. கிளைக்குக் கிளை இலை மஞ்சள். மேடைக்குள் விரலை விட்டால் கஞ்சிபோலக் குழகுழவென்று இருந்தது, நாற்றம் வேறு. ஊற்றிய தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. சுவரோரத்துப் புல்லோ, சொம்பு கழுவிய தண்ணீரை நான் ஊற்ற ஊற்ற, செத்த தாளுக்கு நடுவிலிருந்து எழுந்து பூவிட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதைக் கொடுத்தால் புல் பிழைக்கிறதோ, அதைக் கொடுத்தே நான் மரத்தைக் கொன்றுகொண்டிருந்தேன். மாமா கூட்டிவந்த ஆளின் மெஷின் ஒரு நிமிடத்தில் முடித்திருக்கும். நான் ஆறு வாரமாகச் செய்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புஷ்பா ஆன்டி மரத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா, அம்மன் மஞ்சள் பூசிக்கிட்டா! இன்னும் ரெண்டு சொம்பு கொண்டாங்க."

"ஊத்தாதீங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு மரத்துக்கும் சொம்புக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஊத்தாதீங்க ஆன்டி. மரம் செத்துக்கிட்டிருக்கு. அந்தத் துணிய நான்தான் கட்டினேன்."

ஆன்டி என் தாடையைத் தொட்டுச் சிரித்தார். "நீ எங்கம்மா கட்டின? அவதான் உன் கையால கட்ட வெச்சா."

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா அப்பா? உண்மையைச் சொன்ன பிறகும் கதவு திறக்கவில்லை. இனி என்ன சொன்னாலும் அதுவும் அம்மன் வாக்காகிவிடும்.

அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தார். வேலைக்குப் போகும் சட்டையில் இருந்தார். கையில் உங்கள் வேட்டி. கிழிந்த ஓரத்தை மரத்துத் துணியோடு சேர்த்து வைத்துக் காட்டினார்.

"என் வீட்டுக்காரர் வேட்டி அக்கா. இதை நான் எத்தனை தடவ தொவைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"அண்ணன் வீடு. வெட்டாதீங்கன்னு சொல்ல எனக்கும் வாய் வரல" என்றார் அம்மா.

இத்தனை வாரம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே வார்த்தையை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நான் உங்கள் பெட்டியிலிருந்து லோரிச் சக்கரம் கழற்றுகிற கம்பியை எடுத்துவந்தேன். துணியை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அம்மன் என்று ஒருத்தி இருந்தால் அவளுக்கும் மூச்சு முட்டியிருக்கும். பிறகு மேடையை அடித்தேன். மூன்றாவது அடியில் டைல்ஸ் உடைந்தது. பழுப்புத் தண்ணீர் கேட்வரை ஓடியது. ஒவ்வொருவராக விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புஷ்பா ஆன்டி இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவர் கொடுத்தனுப்பும் கேசரி துளசிக்கு மட்டும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். துணி இல்லாத மரத்தையும் உடைந்த செங்கல்லையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆத்தா போயிட்டாளா? அப்ப வெட்டிரலாம்ல?"

"வேணாம் மாமா."

"என்ன?"

"வெட்ட வேணாம்னு சொன்னேன். புல்லையும் தூக்கிப் போட வேணாம். கேட் பக்கம் வைங்க, கூரைத் தண்ணி அங்கதான் விழுது. மரத்துக்கு அப்பா கொட்டின மாதிரி மணலும் ஜல்லியும் வேணும். வேர் லோங்காங் பக்கம் போகாம நான் வருஷா வருஷம் கத்தரிச்சு விடுறேன். இலைய நான் கூட்டுறேன்."

மாமா அம்மாவைப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்குப் பேச வருமா?"

"எனக்கும் இப்பதான் தெரியும்" என்றார் அம்மா.

"மச்சான் திதி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள துளிர்க்கலேன்னா எடுத்திரணும்" என்று சொல்லிவிட்டு, மாமா கை முழுக்க மண்ணோடு புல்லைக் கேட்டோரம் நட்டார். ஜல்லியும் அவர்தான் வாங்கிவந்தார்.

இன்னும் துளிர்க்கவில்லை, அப்பா. பாதி மரம் மொட்டையாக நிற்கிறது. நேற்று ஒரு கிளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. பக்கத்துக் கிளையில் இல்லை. துளசி தினமும், "அப்பா மரத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்கிறாள். கேட்டோரத்தில் புல் நன்றாகச் சாய்ந்து ஆடுகிறது. இப்போது அதன்மேல் கோபம் இல்லை. அது யாரிடமும் போய் மரத்தை வெட்டுங்கள் என்று சொல்லவில்லையே.

கேட் மறுபடி பூட்டித்தான் இருக்கிறது. அம்மாவுக்கு அதே ஷிஃப்ட். துளசியை யார் பார்ப்பது என்பதற்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் சத்தமாகக் கேட்கவே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

உங்கள் திதிக்கு மாமா வருவார், சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகு, நான் மறுபடி படிக்க வேண்டும், துளசிக்கு என்ன வழி என்று எழுந்து நின்று கேட்கப்போகிறேன். மரம் துளிர்த்திருந்தாலும் கேட்பேன், மாமா அதை எடுத்துவிட்டிருந்தாலும் கேட்பேன். என்ன பதில் வரும் என்று தெரியாது. ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன், அப்பா. "கொஞ்ச நாள் பொறும்மா" என்று யாராவது சொன்னால், தலையாட்ட மாட்டேன்.

துளசிக்கு அக்கா, உங்களுக்கு என்றும் பெரிய பாப்பா,
ரேணுகா
கிள்ளான்