மூச்சுதான் குறை என்று சொன்னோம்

நேற்று மத்தியானம் வீட்டில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றைப் பிரித்தேன். வெயிலில் மார்க்கெட்டுக்குப் போய்வந்த என் மனைவிக்குத் தலைசுற்றல். ஓரத்தைக் கத்தரித்ததும் அந்த ஆரஞ்சு வாசனை எழும்பி மூக்கில் ஏறியது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"தண்ணியில போடுதீங்களா, இல்ல மோந்து பாத்துக்கிட்டே நிக்கப் போறீங்களா?" என்றாள்.

அவளுக்குக் கலக்கிக் கொடுத்துவிட்டுப் பின்வாசலில் வந்து உட்கார்ந்தேன். உன்னிடம் பேசி வெகுநாள் ஆகிவிட்டது.

அந்த நாளில் கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் நீ உள்ளங்கையை நீட்டுவாய். அந்தப் பெரிய கையில் நான் இந்தக் குளுக்கோஸ் பொடியைக் கொட்டுவேன். நீ நக்கிக்கொண்டே மூக்குக்கண்ணாடியை ஜெர்சியில் துடைப்பாய். கண்ணாடி விழுந்துவிடாமலிருக்கப் பின்னந்தலையில் ஒரு ஷூ நாடாவால் கட்டியிருப்பாய். "இப்போ எப்படிலே இருக்கு?" என்று கேட்பேன். "கொஞ்சம் பரவாயில்ல அண்ணாச்சி" என்பாய். உன் களைப்புக்கு எங்களிடம் இருந்த வைத்தியம் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் ஊரில் கூடைப்பந்து ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் நடக்கப் பழகியதுமே ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊர் இது. தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் ஒருவர் விட்டுக்கொடுத்த காலியிடத்தில் சிமென்ட் தளம் போட்டு, இரண்டு கம்பம் நட்டு, போர்டும் ரிங்கும் மாட்டி, நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்தோம். நான் அப்பாவின் இரும்புக்கடையில் உட்கார்ந்திருந்த காலம். கடை அடைத்ததும் நேரே அந்தத் தளத்துக்குத்தான். எல்லோரும் குட்டை. போர்டுக்குக் கீழே நிற்க ஒரு நெட்டை ஆள் இல்லாமல் போகிற ஊரிலெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் உன்னைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பருத்திக்கொட்டை மூட்டையை, ஏணியில் கால் வைக்காமலே தலைக்கு மேல் தூக்கி, பஸ் கூரையில் நின்றவன் கையில் கொடுத்தாய். நான் ஓடிவந்து உன் முன்னால் நின்றேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"இடைசெவலுக்குப் பக்கம் அண்ணாச்சி."

"இங்கன என்ன பண்ணுத?"

"ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் படிக்கேன்."

"பந்து விளையாட வாரியா?"

"ஹாக்கியா? எனக்குக் குனிய வராது அண்ணாச்சி. முதுகு வலிக்கும்."

"குனிய வேண்டாம்லே. நிமிர்ந்து நின்னாப் போதும்."

நீ சிரித்தாய். மறுநாள் சாயங்காலம் ரப்பர் செருப்போடு வந்து நின்றாய். உன் காலுக்கு ஊரில் எந்தக் கடையிலும் ஷூ கிடைக்கவில்லை. கடைசியில் கேன்வாஸ் ஷூவின் முன்பக்கத்தை வெட்டி, விரல்கள் வெளியே தெரிய ஆடினாய்.

ஒரு வருஷத்துக்குள் நீ என்ன ஆட்டக்காரன் என்று எங்களுக்குத் தெரிந்துபோனது. தினமும் ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் உன்னை வைத்துத்தான் பேச்சு. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன் கைதான் முதல் பலம். நான் எப்படி எறிந்தாலும், முதுகுக்குப் பின்னால் போனாலும், காலடியில் தட்டுக்கெட்டு விழுந்தாலும், உன் விரல்கள் பந்தைச் சுற்றிக்கொள்ளும். ஒற்றைக் கையால் அதைத் தேங்காய் மாதிரி பிடித்து நிறுத்துவாய். கைகளை விரித்தால் எதிராளிக்கு ரிங்கே தெரியாது. அடுத்தது, ரிங்கில் பட்டுத் தெறிக்கிற பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும். பெரிதாகக் குதிக்கமாட்டாய். போய் நிற்பாய், பந்து உன்னிடம் வரும்.

குறைகளையும் நாங்கள் விடவில்லை. உடம்பில் சதை இல்லை, இடித்தால் நகர்ந்துவிடுகிறான். தூரத்துப் பார்வை பத்தாது. எதிராளி கீழே விழுந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கிவிடப் போய்விடுகிறான். எல்லாவற்றுக்கும் மேலே, மூச்சு. முதல் பாதியில் மலை மாதிரி நிற்கிறவன், இரண்டாம் பாதியில் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றுவிடுகிறான். பந்து அந்தப் பக்கம் போய்விடும், நீ இந்தப் பக்கமே நிற்பாய்.

"உனக்கு எல்லாம் இருக்குலே. மூச்சுதான் குறை" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அணிக்குக் கேப்டன் நான்தானே.

பக்கத்து ஊர்ப் போட்டி ஒன்றுக்கு, சென்னையில் ஒரு பெரிய துறையின் அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். நெட்டையான ஆட்டக்காரன் கிடைத்தால் நிரந்தர வேலையே கொடுப்பார்கள் என்று பேச்சு. ஆட்டம் முடிந்ததும் அவர் உன்னைக் கூப்பிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"அருமையான கை. பந்து விழுற எடம் தெரியுது. இது சொல்லிக் குடுத்து வராது. ஆனா செகண்ட் ஹாஃப்ல ஆளையே காணோமே? ஓட வைங்க. நல்லா ஓட வைங்க. அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன்."

நான் சொன்னதையே அவரும் சொல்லிவிட்டார் என்று எனக்கு எவ்வளவு பெருமை! திரும்பிவரும் பஸ்ஸில் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தேன். நீ ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாய். "வேலை கெடச்சிட்டா அக்கா ஆடு மேய்க்க வேண்டாம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாளிலிருந்து எட்டயபுரம் சாலையில் ஓட்டம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். நீ ஓடுவாய், நான் சைக்கிளில் முன்னால் போவேன். நீ நின்றால் நானும் நின்று திரும்பிப் பார்த்துச் சத்தம் போடுவேன்.

"அண்ணாச்சி, நெஞ்சுக்குள்ள என்னமோ படபடங்குது."

"ஓடுனா படபடக்கத்தான் செய்யும். பழகப் பழகச் சரியாயிரும். ஓடுலே."

"முடியல அண்ணாச்சி."

"முடியலன்னு சொல்லுதவனுக்கு எவம்லே வேலை குடுப்பான்?"

நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் ஓடினாய். இதை நான் எத்தனையோ தடவை எனக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூட நீ ஓடமாட்டேன் என்று சொல்வதாக வரவில்லை.

உன் அக்கா ஒருநாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "தம்பி, அவன ரொம்ப ஓட வைக்காதிய. வீட்டுக்கு வந்தா சுருண்டு போயிக் கெடக்கான். சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலை ஆர்டர் வரட்டும்க்கா, நீங்களே வந்து எனக்கு மாலை போடுவீங்க" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

இடையில் நீ தேறினாய் என்பதுதான் கொடுமை. ஒரு போட்டியில் இரண்டு பாதியும் நின்று ஆடினாய். ஜெயித்ததும் என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ரிங்கைத் தொடவைத்தாய். நான் போட்ட வழி சரிதான் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.

அந்தக் காலையில் நான் சைக்கிளில் கொஞ்சம் அதிகமாகவே முன்னால் போய்விட்டேன். பின்னால் உன் காலடிச் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. திரும்பாமலே, "ஏலே, நிக்காத!" என்று கத்திவிட்டு மிதித்தேன். சத்தம் மறுபடி கேட்கவேயில்லை. அப்புறம்தான் திரும்பினேன். நீ பருத்திக்காட்டு ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தாய். முகமெல்லாம் வேர்வை. "முதுகுக்குள்ள கிழியுது அண்ணாச்சி" என்றாய். உன் கை என் கையைப் பிடித்தது. பந்தைப் பிடிப்பதுபோல என் கை முழுவதையும் சுற்றிப் பிடித்தது. எட்டயபுரத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸை மறித்து, கண்டக்டரும் நானும் உன்னை ஏற்றினோம். இருக்கையில் நீ கொள்ளவில்லை. இருக்கைகளுக்கு நடுவே கீழே கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் வருவதற்குள் உன் பிடி தளர்ந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். இந்த வயசில் எப்படி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன். உன் அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உன் கால்மாட்டில் உட்கார்ந்து, "ஓடு ஓடுன்னாவளே, ஓடிட்டானே" என்று அழுதார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. காரியத்துக்குப் போய்வந்த பிறகு நான் உங்கள் ஊர்ப் பக்கமே போகவில்லை. இடைசெவல் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் உங்கள் ஊர் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவேன்.

பதினாலு பதினைந்து வருஷம் கழித்து அப்பாவுக்கு இருதயக் கோளாறு என்று மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயதான டாக்டர், பொறுமையாகப் பேசுகிறவர். அப்பாவைப் பார்த்து முடித்ததும், வேறு ஏதாவது கேட்கணுமா என்றார். எப்படியோ உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"ஆள் ரொம்ப நெட்டையா? ஒல்லியா?"

"ஆமா சார்."

"விரல் நீளமா இருக்குமா? கையை விரிச்சா உயரத்தை விட ஜாஸ்தி வருமா?"

"ஆமா சார். அதுதான் அவனுக்குப் பலமே."

"கண்ணாடி போடுவாரா? முதுகு வளைஞ்சிருக்குமா? நெஞ்சுக்கூடு குழி விழுந்த மாதிரி?"

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பிறவியிலேயே சிலருக்கு உடம்பின் இணைப்புகள் தளர்வாக இருக்கும். எலும்பு நீண்டு வளர்வதும் அதனால்தான், கண் கெடுவதும் அதனால்தான். இருதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாயின் சுவரும் அப்படியே நைந்து, விரிந்துகொண்டே வரும். ஒருநாள் கிழியும்.

நாங்கள் டீக்கடையில் பலம் என்று பிரித்ததும் குறை என்று பிரித்ததும் ஒரே நோய்.

"ஓடாம இருந்திருந்தா சார்?"

"ஓடாட்டியும் இது நடந்திருக்கலாம். ஆனா ஓடியிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "இது குடும்பத்துல வரும். கூடப் பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க இருந்தா உடனே வந்து பாக்கச் சொல்லுங்க. இப்ப மருந்து இருக்கு, ஆபரேஷன் இருக்கு" என்றார்.

இதைக் கேட்ட மறுநாளே நான் உன் அக்காவிடம் ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. கடையில் வேலை என்றேன், அப்பாவைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றேன். அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து கிடந்தேன். உன்னிடம் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாசலில் நின்றேன். அக்கா ஆட்டுக்குட்டிகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பட்டியை மூடுகிற படலைக் கீழே வைத்தார்.

"வாங்க தம்பி. இம்புட்டு நாளு ஆச்சா வழி தெரிய?"

நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தை. நிலைப்படியில் குனிந்து வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். செம்பைச் சுற்றியிருந்தவை உன் விரல்கள்.

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தோம். அக்காவுக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு இருக்கிறது. குழாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை போதும், வருஷா வருஷம் பார்க்கவேண்டும், பாரம் தூக்கக்கூடாது, ஓடக்கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வரலைன்னா இவளையும் தெரியாமப் பறிகுடுத்திருப்பேனே" என்று அழுதார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? தள்ளிவிடவும் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

உன் மருமகள் இப்போது புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போகிறாள். பரிசோதனைக்கு நான்தான் கூடப் போகிறேன். என்னையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். போன மாதம் மதுரை பஸ்ஸில் கேட்டாள்.

"மாமா, எங்க மாமா எப்படி ஆடுவாவ?"

சாத்தூர் தாண்டி விருதுநகர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். உன் கையைச் சொன்னேன். பந்து விழுகிற இடத்தில் போய் நிற்பதைச் சொன்னேன். எதிராளியைத் தூக்கிவிடுவதைச் சொன்னபோது அவள் சத்தமாகச் சிரித்தாள்.

"அப்போ குறைன்னு ஒண்ணுமே கெடையாதா அவியளுக்கு?"

"முடியலன்னு சொல்லத் தெரியாதும்மா உங்க மாமாவுக்கு" என்றேன். அது பொய். இறந்துபோன உன்மேல் இன்னொரு குறையையும் ஏற்றிவிட்டேன்.

"இல்லம்மா" என்றேன். "சொன்னான். நெஞ்சு படபடங்குதுன்னு சொன்னான், முடியலன்னு சொன்னான். நான்தான் கேக்கல. ஓடுன்னுட்டேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அவளுடைய அம்மாவிடம்கூட நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடிப்படி ஏறினோம். பாதியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, கொஞ்சம் நிக்கணும்."

நின்றேன். பின்னால் வந்தவர்கள் முனகிக்கொண்டே எங்களைச் சுற்றி ஏறிப்போனார்கள். எங்கள் டோக்கன் எண்ணை மேலே கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போனால் போகட்டும் என்று இருந்தேன். அவளாக "வாங்க மாமா, போவோம்" என்று சொல்லும்வரை அடுத்த படியில் நான் கால் வைக்கவில்லை.