சீப்புக்குப் போடாத ஓட்டு

மாப்ள,

இன்று காலை பள்ளிபாளையத்திலிருந்து கட்சித் துண்டுக்கு ஆர்டர் வந்துவிட்டது. நூல் கட்டைப் பிரித்ததும் சாய வாடை மூக்கில் ஏறியது. தேர்தல் வருகிறது என்று அர்த்தம். உடனே உன் வழுக்கைத் தலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

கவுன்சிலர் தேர்தலில் நீ சுயேச்சையாக நின்றபோது உனக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. நம் தறிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. "தலையில மசுரில்லாதவனுக்குச் சீப்பாமா!" என்றேன். நீயும் சிரித்தாய். மறுநாளே சட்டைப் பையில் ஒரு சிவப்புச் சீப்பைச் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாய். "நம்ம தெரு போர்த் தண்ணியில சாயம் வருதுங்க. எனக்குக் கட்சியெல்லாம் இல்லீங்க. போயிக் கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க" என்று கும்பிட்டாய். உன்னை எதிர்த்து நின்ற கட்சிக்காரரை நம் தெருவில் யாரும் பார்த்ததுகூடக் கிடையாது. அவருடைய சின்னத்தைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம், சுவரில், கொடியில், வேட்டிக் கரையில்.

உனக்காக நானும் அலைந்தேன். அது பொய்யில்லை. வாக்குச்சாவடிக்குள் போகும்வரை சீப்பு, சீப்பு என்றுதான் முணுமுணுத்தேன். மெஷினில் உன் பெயர் கீழே எங்கோ இருந்தது. மேலே அந்தச் சின்னம். எங்கள் அப்பா சாகும்வரை வேறெதற்கும் போட்டதில்லை. நான் நாள் முழுக்கத் தறியில் பார்க்கிற கரையும் அதே கட்சியுடையது. விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. சத்தம் கேட்ட பிறகுதான் ஐயையோ என்று உறைத்தது. பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனோ என்னவோ. சீப்புக்குப் போட்டால் வீண்தானே என்றும் உள்ளுக்குள் நினைத்திருப்பேன்.

தோற்ற அன்று சாயங்காலம் டீக்கடையில் என் தோளைத் தட்டினாய். "அட விடு சாமி. ஊரே போடாட்டிப் போவுது. நீ போட்டீல்ல, அது போதும்." நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என்ன ஜென்மமடா நான்!

அடுத்த ஆடியில் தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஜெயித்த கவுன்சிலர் அன்றைக்குத்தான் முதல்முறையாக நம் தெருவுக்கு வந்தார். உனக்கு மாலை போட்டு, புதுக் கட்சித் துண்டு ஒன்றைப் போர்த்தி, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். துண்டின் கரையில் ஓரிடத்தில் இழை அறுந்து கோடு விழுந்திருந்தது. என் தறியில் ஓடியதுதான், எனக்குத் தெரியாதா?

"அண்ணா, அதை எடுத்துப் போடுங்க. அவருக்கு ஆவாதுங்க" என்றாள் உன் மனைவி. குனிந்தேன். கை வரவில்லை. அவளே உருவி எறிந்தாள்.

காரியம் முடிந்த அன்று அந்தச் சிவப்புச் சீப்பை என் கையில் வைத்தாள். "ஊட்டு ஆளுங்களை உட்டா அவருக்கு ஓட்டுப் போட்டது நீங்க ஒருத்தருதானுங்க. சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவாரு. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

வாங்கிக்கொண்டேன் மாப்ள. இதை எழுதும்போதும் அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தறியில் துண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.