பதினாறு அடி

ஜூன் 26, வியாழன்

காலையில் தூறல். காயப்போட்ட துணி மறுபடி உள்ளே. காஸ் புக் பண்ண வேண்டும்.

பால் பொங்கும்போது ஒரு பழைய கேள்வி ஞாபகம். ஒன்பதாம் வகுப்பு, பலகோணம் நடத்திய நாள். பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி: "டீச்சர், தோலுக்கு எத்தனை பக்கம்?" வகுப்பே சிரித்தது. தோல் பதனிடும் ஆம்பூரில் கேட்காமல் வேறு எங்கே கேட்பார்கள். பக்கம் கிடையாது, பரப்பு உண்டு என்றேன். இன்றைக்கு ஏன் வந்ததோ.

மாலை எதிர் வீட்டு நஸீமா (இனி ந.) கணக்குப் பாடத்துக்கு வந்தாள். வயது நாற்பத்திரண்டு. தோல் கம்பெனியில் அளவு மெஷினில் வேலை. பத்தாம் வகுப்பு தனித்தேர்வு எழுதுகிறாள். மற்ற பாடங்கள் முன்பே தேறியாச்சு, கணக்கு மட்டும் நிற்கிறது. பத்து பாஸ் என்றால் செக்கிங் சூப்பர்வைசர். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு. வரும் புதன் தேர்வு.

x² − 10x + 24 = 0. "பெருக்கினா இருபத்தி நாலு, கூட்டினா பத்து. நாலும் ஆறும்." குறியும் சரியாகப் போட்டாள்.

அவள் வீட்டுக்காரர் இலியாஸ் ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். "இந்த வயசுல x-ஐ கண்டுபுடிச்சு இன்னா பண்ணப் போற?"

"தெனம் உங்க வண்டிச் சாவிய கண்டுபுடிக்கிறேனே. அந்த மாதிரிதான்."

டீயில் சர்க்கரை ஜாஸ்தி. குடித்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

புழுக்கம். காற்று ஆற்றுப் பக்கமிருந்து, தோல் கழிவு வாடை. ஜன்னலைச் சாத்த வேண்டியதாயிற்று.

திட்ட விலக்கம். ஷூ சைஸ் 5, 6, 7, 8, 9 எடுத்துக்கொண்டேன். சராசரி 7. விலக்கங்களை வர்க்கப்படுத்து என்றதும் நிறுத்தினாள்.

"வர்க்கம் எதுக்கு டீச்சர்? கழிச்சத அப்படியே கூட்டினா ஆவாதா?"

நல்ல கேள்வி. கூட்டிப் பார்க்கச் சொன்னேன். பூஜ்யம்.

"அட, கம்மியும் ஜாஸ்தியும் சேந்து ஒண்ணுமே இல்லாம போய்ட்டுது."

அதற்குத்தான் வர்க்கம். இனி மறக்க மாட்டாள்.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. முருங்கைக்காய், தீப்பெட்டி.

ஜூன் 28, சனி

நன்றாகப் போக வேண்டிய நாள். போகவில்லை.

அளவியல். புத்தகத்துக் கணக்கு, எல்லாம் மீட்டரில். சிலிண்டர், கூம்பு, சதுரம், தப்பே இல்லை. களைத்திருந்தாள். சுலபமாக இருக்கட்டும் என்று நானே இரண்டு சொன்னேன், அவளுக்குப் பழகிய அடிக்கணக்கில்.

"சதுரமான ஹால். பதினாறு அடி. சுற்றளவு, பரப்பு?"

ந. எழுதியது: சுற்றளவு 16, பரப்பு 16.

"சதுரத் தோட்டம். இருபத்தஞ்சு அடி."

சுற்றளவு 20, பரப்பு 25.

இரண்டும் தப்பு என்றேன். முகம் வாடிவிட்டது. பேனாவை மூடினாள்.

"புக்கு கணக்கு ஏதோ மனப்பாடத்துல வந்துது. சின்னக் கொழந்த கணக்கே வரல. நா புதன்கெழம போகல டீச்சர். சும்மா பேஜார்."

புத்தகத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் நீளம். காதில் ஏறவில்லை. 16-க்கு 16 எப்படி வரும்? 25-க்கு 20? தாளை மறுபடி பார்த்தேன். ஓரத்தில் சின்னதாக 4 என்றும் 5 என்றும். வர்க்கமூலம். நான் கேட்கவே இல்லையே.

எதிர் வீட்டு வாசலில் இலியாஸ் போனில், தோல் வியாபாரம்: "மாட்டுத் தோலா? எத்தினி அடி? பதினாறா? பரவால்ல, பெரிய பீஸ்தான்."

பதினாறு அடித் தோல். நீளமில்லை. பரப்பு.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவள் புத்தகத்தோடு எதிர் வீட்டுக்குப் போனேன். ந. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாலு எங்கிருந்து வந்துது?"

"பதினாறு அடின்னா பக்கம் நாலுதானே."

தோல் வேலையில் சதுர அடியை யாரும் சதுர அடி என்பதில்லை, வெறும் அடிதான். அளவு மெஷின் காட்டுவதும் அதுவே. என் ஹாலை அவள் ஒரு தோலாக அளந்திருக்கிறாள். அப்படிப் பார்த்தால் நாலு விடையும் சரி. நீளம் என்று எடுத்தால் சுற்றளவு 64, பரப்பு 256. சொன்னேன்.

"அப்போ தப்பு என்னுது இல்லியா?"

"கணக்கு சரி. 'பக்கம்'னு நான் சொல்லல. மொட்டையா அடின்னுட்டேன்."

"நேத்து ராத்திரி சோறு எறங்கல டீச்சர்," என்றாள். பிறகு சிரித்தாள். பூண்டுத் தோல் எல்லாம் பறந்தது.

புதன்கிழமை போவதாக வாயால் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

வெயில். ந. லீவு போட்டாள். ஒரே ஒரு பழக்கம்: கணக்கைத் தொடுமுன் ஓரத்தில் 'நீளம்' அல்லது 'பரப்பு' என்று எழுதுவது. கொள்ளளவு கேட்டால் 'கன அளவு'. கை பழகிவிட்டது. ஹால் டிக்கெட்டை இலியாஸ் பிளாஸ்டிக் கவரில் போட்டுவைத்திருக்கிறார். சாவியையும் அதோடே.

ஜூலை 2, புதன்

மேகம். மழை இல்லை. காலையில் இலியாஸ் வண்டியில் ந. போனாள். எனக்கு எதிலும் கை ஓடவில்லை. களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

மத்தியானம் நேரே இங்கே வந்தாள். கூட அவள் கம்பெனி சாந்தி.

"கடைசி கணக்கு பாதிதான். மணி அடிச்சிட்டாங்க. மத்ததெல்லாம் எழுதிட்டேன். பாஸான்னு கேக்காதீங்க."

கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

அடிக் கதையை ந. வழியிலேயே சொல்லியிருக்கிறாள். சாந்திக்கு நம்பிக்கை இல்லை. "இன்னாடி பெரிய அடி. அடின்னா அடிதானே?"

ந. என்னைப் பார்த்தாள். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பேனாவோடு சாந்தி முன்னால் அவளே வைத்தாள்.

"பதினாறு அடி கயிறு ஒண்ணு, பதினாறு அடி தோல் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு பாரு."